“புத்தகத்தில் அப்படி இல்லையே!”

2012 மார்ச்சில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படம் திரைக்கு வந்தபோது, நாவலை உயிராய் நேசித்ததாகச் சொல்லிக்கொண்ட பலர் ட்விட்டரில் ஒரே புகாரை எழுதினார்கள். ரூ என்ற சிறுமியை ஏன் கறுப்பினப் பிள்ளையாக்கினார்கள் என்பது அந்தப் புகார். தாங்கள் மனதில் வளர்த்து வைத்திருந்தது பொன்னிறக் கூந்தல் குழந்தையை என்றார்கள். ரூ கறுப்பினத்தவள் என்று தெரிந்த பிறகு அவளுடைய சாவு முன்போல உருக்கவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. ரூவாக நடித்த அமாண்ட்லா ஸ்டென்பெர்குக்கு அப்போது 13 வயது.

நாவலிலிருந்தோ நாடகத்திலிருந்தோ வீடியோ கேமிலிருந்தோ படமோ தொடரோ எடுக்கப்படும்போதெல்லாம் இந்தச் சண்டை வருகிறது. நடிகரின் நிறம் ஒரு பக்கம், பாத்திரத்தின் பாலீர்ப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: மூலத்துக்குத் துரோகம் செய்துவிட்டார்கள். மூலத்தின் மேல் பற்று கொள்வது நல்ல குணம். வாசகருக்கு அந்த உரிமை உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கோபம் நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலத்தோடும் திரைப்பட வரலாற்றோடும் வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நிற்பதில்லை.

“புத்தகத்தில் இல்லாத நிறத்தைத் திணிக்கிறார்கள்”

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் 2008இல் வந்தது. ரூவை வர்ணிக்கும்போதே அவளுக்கு அடர் பழுப்பு நிறத் தோல், அதே நிறக் கண்கள் என்று காலின்ஸ் எழுதிவிட்டார். அவளோடு பதினோராம் மாவட்டத்திலிருந்து வரும் த்ரெஷுக்கும் அதே தோல் நிறம்தான். படம் செய்தது, எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டது மட்டுமே.

பிறகு ஏன் அத்தனை பேருக்கு அது கண்ணில் படவில்லை? நாவலின் நாயகி காட்னிஸ், ரூவைப் பார்த்ததும் தன் தங்கை பிரிம்மை நினைக்கிறாள். உருவத்திலும் சுபாவத்திலும் இருவருக்கும் ஒற்றுமை. பிரிம் பொன்னிற முடிக்காரி. வாசகர்கள் அந்த ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதோடு பிரிம்மின் நிறத்தையும் ரூவுக்குப் பூசிவிட்டார்கள். ஆசிரியர் நிறம் எதுவும் சொல்லாத இடத்தில் வெள்ளையர் என்று வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். ஆசிரியர் தெளிவாகச் சொன்ன பிறகும் கண் அதைத் தாண்டி ஓடுவது அதைவிட ஆழமான பழக்கம். பாசத்துக்குரியவள், அப்பாவி, சாகும்போது நாம் அழ வேண்டியவள் என்றால் வெள்ளைக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் தானாகவே முடிவு செய்திருக்கிறது. ரூவாக நடித்த சிறுமிக்கு நேர்ந்த அவமானத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது இந்த முடிவு, யாரும் சொல்லித்தராமலே இத்தனை பேர் மனதில் ஒரே மாதிரி எழுந்தது.

அதே படத்தில் நிறம் மாறிய பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது காட்னிஸ்தான் என்று வாதிட இடமிருக்கிறது. நாவலில் அவளுக்கு ஆலிவ் நிறத் தோல், நேரான கறுப்பு முடி, சாம்பல் நிறக் கண்கள். அவளுடைய ஊரில் சுரங்க வேலை செய்யும் ஏழைக் குடும்பங்களுக்கெல்லாம் அந்தச் சாயல். வணிகர் குடும்பங்கள்தான் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருப்பவை. அதாவது நாவலில் நிறம் வர்க்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. படத்துக்கு ஆள் தேடியபோது வெளியான அறிவிப்போ வெள்ளையின நடிகையரையே கேட்டது. ஜெனிஃபர் லாரன்ஸ் தன் பொன்னிற முடிக்கு அடர் நிறச் சாயம் ஏற்றி நடித்தார். இதைச் சுட்டிக்காட்டி எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் ரூவின் மேல் விழுந்தது போன்ற வசை லாரன்ஸ் மேல் விழவில்லை.

“வெள்ளையரின் பாத்திரத்தைப் பிறர் பறிப்பது புதிய அநியாயம், முன்பெல்லாம் அவரவர் பாத்திரத்தில் அவரவர் நடித்தார்கள்”

முன்பெல்லாம் நடந்தது நேர் எதிரானது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

எமிலி பிராண்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ 1847இல் வெளியானது. அதன் நாயகன் ஹீத்கிளிஃப், லிவர்பூல் தெருவில் அநாதையாகக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளை. கறுத்த தோற்றம் என்பார்கள், ஜிப்ஸி என்பார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் அவனை லஸ்கர் பையனாக இருக்கலாம் என்கிறார். இந்தியப் பெருங்கடல் கரைகளிலிருந்து ஆங்கிலக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்த மாலுமிகளுக்குத்தான் லஸ்கர் என்று பெயர். லிவர்பூலோ அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுகம். பிராண்டி அவனுடைய பூர்வீகத்தை உறுதியாகச் சொல்லவில்லை, அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அவன் அந்த வீட்டாரைப் போல இல்லை, அந்த வேற்றுமைக்காகவே அவமானப்படுத்தப்பட்டான், அந்த அவமானம்தான் அவனைப் பழிவாங்குபவனாக்கியது என்பதில் சந்தேகமே இல்லை. 

1939இல் வில்லியம் வைலர் இதைப் படமாக்கியபோது ஹீத்கிளிஃபாக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. பின்னர் டிமத்தி டால்டன், ரால்ஃப் ஃபைன்ஸ், டாம் ஹார்டி என வெள்ளை நடிகர்கள் வரிசையாக வந்தார்கள். 2011இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட்தான் கறுப்பினத்தவரான சாலமன் கிளேவையும் ஜேம்ஸ் ஹோவ்சனையும் அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தார். 2024இல் எமரால்டு ஃபென்னல் தன் படத்துக்கு ஜேக்கப் எலோர்டியைத் தேர்ந்ததும் மீண்டும் வெள்ளை ஹீத்கிளிஃபா என்று வாசகர்கள் கேட்டார்கள். அது புத்தகத்தைப் படித்தவர்களின் கேள்வி.

1939 படத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதில் கேத்தியாக, அதாவது வெள்ளைக்கார நாயகியாக நடித்தவர் மெர்ல் ஓபரான். 1911இல் பம்பாயில் பிறந்தவர். அவரை மகளாக வளர்த்த பாட்டி இலங்கையின் கலப்பு வம்சாவளிப் பெண். இந்த உண்மை தெரிந்தால் நாயகி வேடம் கிடைக்காது என்பதால், தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லி வாழ்நாள் முழுவதும் மறைத்தார். 1979இல் அவர் இறந்த பிறகே வெளி உலகம் முழு விவரத்தையும் அறிந்தது. ஆக, கறுத்தவன் என்று நாவல் சொல்லும் ஆணின் வேடத்தில் ஆங்கிலேயர் ஒருவர். வெள்ளைப் பெண்ணின் வேடத்தில் தன் ரத்தத்தையே ஒளித்து வைக்க வேண்டியிருந்த தெற்காசிய வழிப் பெண் ஒருவர். மூல விசுவாசம் கோலோச்சிய பொற்காலம் என்று நினைக்கப்படும் காலம் இது.

அதே காலத்தில்தான் ‘தி குட் எர்த்’ வந்தது. சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றி பேர்ல் எஸ். பக் 1931இல் எழுதிய நாவல். 1937இல் படமானபோது கணவனாக பால் முனி, மனைவி ஓ-லானாக ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர். அன்றைய ஹாலிவுட்டின் பெயர்பெற்ற சீன-அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டக் கூடாது என்ற ஹேஸ் தணிக்கை விதி, நடைமுறையில் ஆசியர்களையும் சேர்த்தே அமுக்கியது. கணவன் வேடத்தில் வெள்ளையர் என்று முடிவானதும் மனைவி வேடத்தில் சீன வழிப் பெண்ணுக்கு இடமில்லாமல் போயிற்று. ரெய்னருக்கு அந்த நடிப்புக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலின் நாயகன் ஜானி ரிக்கோ, தாகலோக் மொழி பேசும் ஃபிலிப்பீனியன். 1997 படத்தில் அவன் வெள்ளையன். உர்சுலா லெ குவின் 1968இல் ‘எர்த்ஸீ’ கதை வரிசையைத் தொடங்கியபோது நாயகன் கெட்டுக்குச் செம்பழுப்பு நிறம் கொடுத்தார். அந்த உலகத்தில் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்பும்தான்; மாயாஜாலக் கதைகளில் எல்லாரும் வெள்ளையராக இருப்பதை மாற்றவே தெரிந்து செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். 2004இல் வந்த தொலைக்காட்சிக் குறுந்தொடர் கெட்டை வெள்ளை இளைஞனாக்கியது. மூலத்தின் ஆசிரியையே பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கண்டித்தார். எம்.ஐ.டி. மாணவர்கள் கணக்குப் போட்டு சூதாட்ட விடுதிகளை வென்ற உண்மைக் கதையில் முன்னணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆசிய-அமெரிக்கர்கள். 2008இல் ‘21’ படமானபோது நாயகன் வேடம் ஜிம் ஸ்டர்ஜஸ் என்ற ஆங்கிலேயருக்குப் போனது.

பிறகு ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. 2005 முதல் 2008 வரை ஓடிய கார்ட்டூன் தொடர். கிழக்காசிய, இன்யூட் பண்பாடுகளின் உடையும் எழுத்தும் உணவும் அதன் உலகம் முழுக்க நிறைந்திருக்கும். 2010இல் வந்த படத்தில் நல்லவர் மூவரும் வெள்ளைப் பிள்ளைகள்; அவர்களைத் துரத்தும் நெருப்பு தேசத்து இளவரசனாக தேவ் படேல். இயக்கியவர் மாஹேயில் மலையாளத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த எம். நைட் ஷியாமளன் என்பது நம்மவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். நம் ரத்தம் என்பதாலேயே ஒருவர் பழைய ஹாலிவுட் வழக்கத்தை மீறிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நடிகர் பட்டியல் வெளியானதுமே ரசிகர்கள் தயாரிப்பாளர்களுக்குக் கடிதங்கள் அனுப்பினார்கள். 2009இல் ‘ரேஸ்பெண்டிங்’ என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டார்கள். படம் மாறவில்லை. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் அதே கதையைத் தொடராக எடுத்தபோது நாயகன் ஆங்காக நடித்தது ஃபிலிப்பீனிய வழி வந்த கனடிய சிறுவன் கார்டன் கார்மியர்.

“தகுதியைத்தான் பார்க்கிறார்கள், நிறத்தை அல்ல”

இதற்குப் பதில் ஒரு இயக்குநரின் வாயிலிருந்தே வந்துவிட்டது. எகிப்தில் நடக்கும் பைபிள் கதையான ‘எக்ஸோடஸ்’ படத்தில் முக்கிய வேடங்களை வெள்ளை நடிகர்களுக்குக் கொடுத்தது பற்றி 2014இல் கேட்டபோது, பெயர் தெரியாத ஒரு முகமதுவை நாயகனாகப் போட்டால் இந்த அளவு பட்ஜெட்டுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள் என்ற பொருளில் ரிட்லி ஸ்காட் சொன்னார். வாய்ப்பு கிடைக்காதவருக்குப் பெயர் வராது. பெயர் இல்லாதவருக்கு வாய்ப்பு வராது. தகுதி இந்த வட்டத்துக்குள் நுழையவே முடியாது.

“நிறம் மாறினால் பாத்திரமே செத்துவிடும்”

ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலில் ரெட் என்ற கைதி, சிவந்த முடி கொண்ட ஐரிஷ்காரன். 1994இல் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தில் அந்த வேடம் மார்கன் ஃப்ரீமனுக்குப் போனது. ஐரிஷ்காரன் என்ற வசனத்தைக்கூடப் படம் விட்டுவிடவில்லை, ஃப்ரீமன் வாயில் அது நகைச்சுவையாகிவிட்டது. இன்று அந்தப் படத்தை நெஞ்சில் வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு ரெட் வேறு யாராகவும் இருக்க முடியாது.

ஆனால் இதை வைத்து நிறம் எந்தக் கதையிலும் முக்கியமில்லை என்று சொல்லவும் மாட்டேன். ரெட்டின் சிவப்பு முடியில் கதையின் எந்த முடிச்சும் இல்லை. ஹீத்கிளிஃபின் கறுப்பில் கதையே இருக்கிறது. ஒரு தன்மை கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் மாற்றத்தை எடைபோட வேண்டும். 2023இல் ஹாலி பெய்லி நடித்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ விஷயத்தில் எதிர்ப்பாளர்கள் சொன்ன ஒன்று சரி: ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையில் அந்தக் கடல்கன்னிக்கு ரோஜா இதழ் போன்ற மேனியும் நீலக் கண்களும்தான். ஆனால் அவர்கள் காக்கத் துடித்த சிவப்புக் கூந்தல் ஆண்டர்சனுடையது அல்ல, 1989இல் வந்த டிஸ்னி கார்ட்டூனுடையது. ஆண்டர்சனின் கடல்கன்னி வைக்கும் ஒவ்வொரு அடியிலும் கத்தி குத்தும் வலி; இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான்; அவள் நுரையாகிறாள். அந்த முடிவையே கல்யாணமாக மாற்றியது டிஸ்னிதான். கதையின் உயிரை மாற்றியதை முப்பது வருடம் ஏற்றுக்கொண்டவர்கள் தோலின் நிறத்துக்கு மட்டும் மூலத்தை நினைத்தார்கள்.

“நேர்பாலீர்ப்புப் பாத்திரங்களைத் தன்பாலீர்ப்பாளர்களாக மாற்றுகிறார்கள்”

திரைப்படத் தழுவலின் வரலாற்றில் மிக நீண்ட காலம் நடந்தது இதன் தலைகீழ். 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹேஸ் விதி தன்பாலீர்ப்பைக் குறிப்பாகக் காட்டுவதற்குக்கூட இடம் தரவில்லை. லில்லியன் ஹெல்மனின் ‘தி சில்ட்ரன்ஸ் ஹவர்’ நாடகம் இரண்டு ஆசிரியைகள் காதலர்கள் என்று ஒரு மாணவி கிளப்பும் வதந்தியைப் பற்றியது. 1936இல் அதைப் படமாக்கிய வில்லியம் வைலர், வேறு பெயரில், ஒருத்தி மற்றவளின் வருங்காலக் கணவனோடு பழகுகிறாள் என்ற வதந்தியாக மாற்ற வேண்டியிருந்தது. அதிலும் மெர்ல் ஓபரான் நடித்தார். நாடகத்தின் பெயரோடும் உண்மைப் பொருளோடும் அதே வைலர் மறுபடி எடுக்க 1961 வரை ஆயிற்று.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்குவது ரிச்சர்ட் புரூக்ஸின் கதை. அவர் 1945இல் எழுதிய நாவலில் ராணுவ வீரர்களால் கொல்லப்படுபவன் தன்பாலீர்ப்பாளன். 1947இல் அது ‘கிராஸ்ஃபயர்’ என்ற படமானபோது கொல்லப்படுபவர் யூதராக்கப்பட்டார். யூத வெறுப்பைக் கண்டித்த அந்தப் படம் மதிப்புக்குரியது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஆனால் எந்த மனிதனின் சாவைப் பற்றி புரூக்ஸ் எழுதினாரோ அவன் திரையில் இல்லை. பதினோரு வருடம் கழித்து, டென்னஸி வில்லியம்ஸின் ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ நாடகத்தைப் படமாக்கும் பொறுப்பு அதே புரூக்ஸிடம் வந்தது. நாயகன் பிரிக், இறந்துபோன நண்பனின் காதலையும் தன் மனதையும் ஒப்புக்கொள்ள முடியாமல் குடியில் மூழ்குவதுதான் நாடகத்தின் மையம். திரையில் அது அநேகமாகத் துடைக்கப்பட்டது. தன் நாவலுக்கு நேர்ந்ததை இன்னொருவர் நாடகத்துக்கு அவரே செய்ய நேர்ந்தது.

விதி 1968இல் போய்விட்டது, தயக்கம் போகவில்லை. ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலில் சீலியும் ஷக்கும் காதலர்கள். 1985இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் அது ஒரு முத்தத்தோடு நின்றுவிட்டது. தான் அதை மென்மையாக்கிவிட்டதைப் பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார்.

2023 ஜனவரியில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் மூன்றாம் பகுதி பில், ஃப்ராங்க் என்ற இருவரின் காதலைச் சொன்னபோது, பில்லைத் தன்பாலீர்ப்பாளனாக மாற்றிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. 2013இல் வந்த கேமிலேயே பில் அப்படித்தான். ஃப்ராங்க் அவனுடைய துணைவன். கேமின் நாயகியான சிறுமி எல்லி அவனிடமிருந்து எடுத்து வரும் பத்திரிகையும் அதைச் சொல்கிறது. தொடர் மாற்றியது வேறொன்றை. கேமில் இருவரும் கசந்து பிரிந்தவர்கள். தொடரில் முதுமை வரை சேர்ந்து வாழ்ந்தவர்கள். மணிக்கணக்கில் விளையாடியும் பில் யாரென்று பலர் கவனிக்கவில்லை. பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு அந்தப் பகுதிக்காக எம்மி விருது கிடைத்தது.

“எதிர்ப்பவர் எல்லாருமே வெறுப்பாளர்கள்”

இது மறுதரப்பின் தவறான நம்பிக்கை. ஸ்டூடியோக்களுக்கும் வசதியானது: படத்தின் குறையைச் சொல்பவர் வாயையும் இதைச் சொல்லியே அடைத்துவிடலாம்.

‘பிரிட்ஜர்டன்’ தொடரை எடுத்துக்கொள்வோம். 2022இல் அதன் இரண்டாம் பருவம், ஜூலியா குவின்னின் நாவலில் வெள்ளையராக இருந்த ஷெஃபீல்டு சகோதரிகளை இந்தியாவிலிருந்து வரும் ஷர்மா சகோதரிகளாக்கியது. நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ் வழி வந்தவர்கள். காதல் கதையின் ஒரு நரம்பும் அறுபடவில்லை. 2024 ஜூனில் மூன்றாம் பருவத்தின் முடிவில் வேறொரு மாற்றம் வந்தது. பிரிட்ஜர்டன் வீட்டுப் பெண் ஃபிரான்செஸ்கா நாவலில் பின்னர் காதலிக்கும் மைக்கேல் ஸ்டர்லிங், தொடரில் மிக்கேலா என்ற பெண்ணாக அறிமுகமானார். நடித்தவர் கறுப்பினத்தவரான மசாலி படூசா. ஆபாசமான இனவெறி, தன்பாலீர்ப்பு வெறுப்பு வசைகள் வந்தன. கூடவே இன்னொரு குரலும் வந்தது. ஃபிரான்செஸ்காவின் கதையைச் சொல்லும் நாவல் குழந்தைக்கு ஏங்கும் ஒரு பெண்ணின் வலியை எழுதியது. அதே வலியில் இருக்கும் வாசகியர் சிலர் தங்கள் கதை காணாமல் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை வெறுப்பு என்று ஒதுக்குவது அநீதி. இரண்டு பெண்களின் கதையிலும் அந்த ஏக்கத்தைச் சொல்ல முடியும் என்பது என் எண்ணம். சொன்னார்களா என்று கேட்க வாசகியருக்கு முழு உரிமை உண்டு.

விமர்சனம் எழுதுபவர் தேர்ந்தெடுத்தவர்களைக் கேள்வி கேட்கிறார். வெறுப்பாளர் நடிக்க வந்தவரைத் தாக்குகிறார். ‘ஏர்பெண்டர்’ ரசிகர்கள் கடிதம் அனுப்பியது தயாரிப்பாளர்களுக்கு. உங்களுக்குப் பிடித்த நாவலின் அடுத்த படத்துக்கு நடிகர் பட்டியல் வரும்போது மனம் சுருங்கினால், முதலில் நாவலை எடுத்து அந்தப் பாத்திரம் அறிமுகமாகும் பக்கத்தைப் படியுங்கள். ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார், அது கதைக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் கோபம் மிஞ்சினால் இயக்குநருக்கும் ஸ்டூடியோவுக்கும் பெயர் போட்டு எழுதுங்கள். நடிக்க வந்த பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.